கூரை எரிந்தது, தரை யாருடையது?



கட்டடக்கலை படிக்கிற மாணவர்கள் நாலு பேர் எங்கள் சேரிக்கு வந்தார்கள். கையில் அளவு நாடா, தோளில் கேமரா. "பழைய காலத்துக் கூரை வீடு ஒன்று வேண்டும். வரலாற்றுச் சிறப்போடு இருந்தால் நல்லது. அளந்து வரைந்துகொண்டு போகணும்" என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான். தெருவில் உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டிருந்த ஓர் ஆயாவிடம் கேட்டார்கள்: "இங்க உள்ளதிலேயே ரொம்பப் பழைய வீடு எதுங்க ஆயா?"

ஆயா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கூரைக்கு வயசு ஒரு வருசம். கழிக்கு வயசு பத்து வருசம். நாங்க இங்க கெடக்குறது எத்தன தலமொறன்னு யாருக்குத் தெரியும்? இதுல எத தம்பி நீ அளக்கப்போற?"

மாணவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. இந்த இதழை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் குடிசையைப் பார்ப்போம். நான் கூரை வேய்கிறவர் மகன். எங்கள் கீழத்தஞ்சைப் பக்கத்தில் குடிசைக்கு அஸ்திவாரம் கிடையாது. வாய்க்கால் ஓரத்துக் களிமண்ணில் வைக்கோல் தும்பும் உமியும் போட்டு மிதித்துக் குழைப்பார்கள். சுவரை ஒரே மூச்சில் எழுப்பினால் சரிந்துவிடும். ஒரு முழம் வைத்து, காயவிட்டு, அதன்மேல் அடுத்த வரி. மண் மிதிப்பது, பூசுவது, சாணி போட்டு மெழுகுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கைவேலை. சுவரில் இருக்கிற விரல் தடம் எங்கள் அம்மாக்களின் விரல் தடம்.

நடுவில் கவக்கால். அதன்மேல் முகட்டுவளை. முகட்டிலிருந்து இருபுறமும் இறங்குகிற மூங்கில் கைமரம். குறுக்கே வரிச்சு. ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் கயிற்றுக் கட்டு. ஊறப்போட்ட தென்னை மட்டையை முடைந்து கீற்றாக்கி, எரவாணத்தில் தொடங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கிக்கொண்டே முகட்டுக்குப் போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் முதல் மழையிலேயே வீட்டுக்குள் குளம். சரிவு குறைந்தால் தண்ணீர் தங்கிக் கீற்று மக்கும். சரிவு ஏறினால் காத்து புடுங்கும். எங்கப்பா அளவுகோல் வைத்துப் பார்த்ததில்லை. எட்ட நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். "இன்னும் ஒரு சாண் ஏத்துடா" என்பார். அவ்வளவுதான். அடுப்புப் புகை கூரை வழியாகவே கசிந்து வெளியேறும், அந்தப் புகையே பூச்சியையும் விரட்டும். எரவாணம் இடுப்பளவுக்குத் தொங்குவதற்கும் காரணம் உண்டு. ஐப்பசி கார்த்திகைச் சாரல் அடித்தால் மண்சுவர் கரைந்துபோகும். சுவருக்குக் குடை பிடிக்கிறது எரவாணம்.

இதெல்லாம் அறிவு. எந்தச் சிற்ப சாஸ்திரத்திலும் எழுதப்படாத, கையும் கண்ணும் தலைமுறை தலைமுறையாகக் கடத்திய அறிவு. இதற்காக நாம் யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை. குடிசை என்றாலே கேவலம் என்று நம் பிள்ளைகளே நினைக்கிறார்களே, அந்த நினைப்பை முதலில் கழற்றி வைப்போம்.

ஆனால் சாரலையும் வெயிலையும் வைத்து விளக்கிவிட முடியாத சில விசயங்களும் அந்தக் குடிசையில் உண்டு. ஏன் அஸ்திவாரம் இல்லை? ஏன் ஒரே வாசல்? கொல்லைப்புறம் ஏன் இல்லை? ஐந்து பேர், ஆறு பேர் படுக்கிற வீடு ஏன் எட்டடி பத்தடிக்குள் முடிந்துபோகிறது? மண் குழைக்கத் தெரிந்த கைக்கு இன்னொரு அறை வைக்கத் தெரியாதா? இதற்குப் பதில் கூரையில் கிடைக்காது. தரையில் தேடணும்.

தரை யாருடையது? தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகளில், ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்ற கணக்கு வருகிறது. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு. அந்தப் பட்டியலிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. ஆயிரம் வருசத்துக்கு முன்னாலேயே சேரி தனியாக அளக்கப்பட்டு, தனியாகப் பெயரிடப்பட்டுவிட்டது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் நந்தனின் ஆதனூர்ச் சேரியைப் பாடுகிறார். பக்தியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கட்டடக் குறிப்பாக அதை வாசித்துப் பாருங்கள். சுரைக்கொடி படர்ந்த பழங்கூரை. மருத மர நிழலில் தோலை விரித்துப் பிள்ளையைத் தூங்க வைக்கிற உழத்தி. புதைத்து வைத்த பானையின் நிழலில் ஒடுங்கிக் கிடக்கிற கோழி. மாமரக் கிளையில் தொங்குகிற பறை. எண்ணூறு வருசம் கழித்து நான் பிறந்த தெருவும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. நந்தனின் சாப்பாட்டுக்கு வழியாக அவர் சொல்வது பறைத்துடவை. தொழிலுக்காக ஊர் விட்டுவைத்த நிலம் அது. விட்டவன் எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதுதான் அதற்குள் இருக்கிற அரசியல். அந்தக் கூரையிலிருந்து புறப்பட்ட நந்தன் கடைசியில் எதற்குள் இறக்கப்பட்டான் என்பதும் நமக்குத் தெரியும். நெருப்புக்குள்.

வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையில் குடிசை நிற்கிற மனையே மிராசுதாரின் பிடியில் இருப்பதை எடுத்துக்காட்டினார். கூலி கூடக் கேட்டாலோ வேறு பண்ணைக்குப் போனாலோ, 'மனையைக் காலி பண்ணு' என்ற ஒரு வார்த்தை போதும். பஞ்சமி நில ஆணை பிறந்த வருசம் 1892. 1920களில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை தஞ்சைப் பகுதியில் மனையிடம் வாங்கிக் கொடுக்க முனைந்ததற்கும் இதுவேதான் காரணம்.

இப்போது அஸ்திவாரம் ஏன் இல்லை என்பது புரியும். நாளைக்கே கிளப்பிவிடக்கூடிய இடத்தில் எவன் கருங்கல் புதைப்பான்? கழியைப் பிடுங்கி, கயிற்றைச் சுருட்டி, தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தோதாகத்தான் வீடு கட்ட முடியும். கொல்லை ஏன் இல்லை? சுவருக்குப் பின்னால் பண்ணையின் வரப்பு. கூரைக் கீற்றுகூட நம்முடையதில்லை. மட்டை விழுகிற தென்னந்தோப்பு பண்ணையுடையது. மட்டைக்குப் பதிலாக ரெண்டு நாள் சும்மா வேலை செய்து கொடுக்கணும் என்று எங்கப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பொருளையும் சாதிதான் தீர்மானித்தது. 1930-31இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த தடைகளைக் குடிமதிப்பு அதிகாரி ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். நகை போடக் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. பெண்கள் செம்புக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண்பானைதான். மீறியபோது என்ன நடந்தது என்பதையும் எழுதியிருக்கிறார். குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன. கால்நடைகள் கொள்ளை போயின. கொளுத்துவதற்குத் தோதான கூரையின் கீழ் நம்மை வைத்திருப்பதும் அதிகாரத்தின் ஏற்பாடுதான் என்று சொன்னால் அது மிகையா, தோழர்களே?

மாணவர்கள் கொண்டுவந்த புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஷாட்டரி கிராமத்து வைக்கோல் கூரை வீடு. ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே பிறந்து வளர்ந்த வீடு. படத்தைப் பார்த்ததும் "நம்ம வீடு மாதிரியே இருக்கே" என்று எங்கள் தெருப் பையன் ஒருவன் சொன்னான். மாதிரிதான். கூரை மட்டும். உள்ளே பன்னிரண்டு அறைகள். பல நூற்றாண்டு தாங்கிய மரச்சட்டம். அந்தக் காலத்தில் அந்த வீட்டைச் சேர்ந்த நிலம் தொண்ணூறு ஏக்கருக்கு மேல். 'காட்டேஜ்' என்று கொஞ்சலாகச் சொல்லிக்கொண்டாலும் அது ஒரு பண்ணை வீடு.

1892இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை அந்த வீட்டை விலைக்கு வாங்கிப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. இங்கே பஞ்சமி நில ஆணை வந்த அதே வருசம். 1969இல் அந்த வீடு தீயில் பெரிய சேதமானது. பழையபடியே சீர்செய்து நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். நல்ல காரியம்தான், நமக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வைக்கோல் கூரை என்பது எங்கேயும் கேவலத்தின் அடையாளமாகப் பிறக்கவில்லை. கீழே தொண்ணூறு ஏக்கர் இருந்தால் அது பாரம்பரியம். கீழே ஒரு சாண்கூட இல்லை என்றால் அது குடிசை. கடற்கரை விடுதிகளில் அதே கீற்றை வேய்ந்து 'காட்டேஜ்' என்று பலகை மாட்டி நாள் வாடகை வாங்குகிறார்களே, அதே கணக்குதான்.

ஷாட்டரி வீடு எரிவதற்குக் கொஞ்சகாலம் முன்னால், இங்கே ஒரு கூரை வீடு எரிந்தது. 1968 டிசம்பர் 25 இரவு. கீழ்வெண்மணி. ராமையாவின் குடிசை.

தமிழ்நாட்டில் வரலாற்றுச் சிறப்புள்ள கூரை வீடு எது என்று கேட்ட அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அது இப்போது இல்லை. அதன் வரலாறே அது இல்லாமல் ஆக்கப்பட்டதுதான்.

நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் ஒன்றுகூடியிருந்த நிலவுடைமையாளர்கள், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களைச் செங்கொடியை இறக்கச் சொன்னார்கள். இறக்க மறுத்தார்கள். அன்றிரவு அடியாட்களோடு சேரிக்குள் புகுந்தார்கள். ஓட முடிந்தவர்கள் வயலுக்குள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் தெருக்கோடியில் இருந்த ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கினார்கள். சுமார் எட்டடிக்கு ஒன்பதடி என்றே பதிவாகியிருக்கிறது. 44 பேர். வாசல் வெளியே அடைக்கப்பட்டது. கூரை பற்றவைக்கப்பட்டது. இறந்தவர்களில் 23 பேர் குழந்தைகள், 16 பேர் பெண்கள்.

கட்டடக்கலை மாணவர்களே, இப்போது நாடாவை எடுங்கள். எட்டை ஒன்பதால் பெருக்குங்கள். 72 சதுர அடி. 44ஆல் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒன்றரைச் சதுர அடியும் கொஞ்சமும். ஒரே வாசல். பின்வாசல் இல்லை, ஜன்னல் இல்லை. காய்ந்த கீற்று. மேலே நான் கேட்டேனே, ஏன் ஒரே வாசல், ஏன் எட்டடி என்று, அந்தக் கேள்விகள் வரைபடக் கேள்விகள் அல்ல, உயிர்க் கேள்விகள் என்பது அந்த இரவில் தெரிந்தது. இன்னொரு வாசல் வைக்கிற அளவுக்குத் தரை இருந்திருந்தால் எத்தனை குழந்தைகள் வரப்பில் இறங்கி ஓடியிருக்கும்?

பிறகு நடந்ததும் ஊரறிந்தது. 1970இல் கீழ்நீதிமன்றம் தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. வசதியும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப நீதிமன்றத்துக்கு மனம் வரவில்லை. குடிசைக்குள் இருந்தவர்களை நம்புவதற்கு மட்டும் இந்த நாட்டில் எப்போதும் சாட்சி பற்றாக்குறை.

ஒன்றை மறக்க வேண்டாம். வெண்மணியின் சாம்பல் மேல்தான் 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்த உழவுத் தொழிலாளிக்கே அந்த மனையைச் சொந்தமாக்குகிற சட்டம். சட்டப் புத்தகம் அந்த 44 பேரின் பெயரைச் சொல்லாது. நாம்தான் சொல்லணும். கீழத்தஞ்சையில் இன்றைக்கு ஒரு தலித் தன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறான் என்றால், அந்தக் குழிக்குள் ராமையா குடிசையின் சாம்பல் கிடக்கிறது.

சரி, கூரையை மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? அரசாங்கம் அப்படித்தான் சொல்கிறது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம். 2030க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடு, குடிசையில்லாத தமிழ்நாடு என்கிறார்கள். ஒரு வீடு 360 சதுர அடி. வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? வருசா வருசம் கூரை மாத்தி, மழைக்குப் பாத்திரம் வைத்துத் தூங்காமல் கிடந்த நம் பெண்களிடம் போய் 'கீற்றுதான் குளிர்ச்சி, கீற்றே இருக்கட்டும்' என்று எந்த அறிவாளியும் பேச வேண்டாம். எங்கள் வெயிலையும் எங்கள் ஒழுகலையும் ரசிக்கிற உரிமை உங்களுக்குக் கிடையாது.

ஆனால் இரண்டு விசயத்தை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று. சொந்த மனை உள்ளவர்களுக்கே இந்த வீடு. வாய்க்கால் கரையிலும் ரோட்டோரப் புறம்போக்கிலும் கிடப்பவன் என்ன செய்வான்? மறுபடியும் தரைதான் கேள்வி. டிரமன்ஹீர் கேட்ட கேள்விக்கு 130 வருசம் கழித்தும் பதில் பாக்கி.

இரண்டு. எரிவது கூரை மட்டும் அல்ல. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கில் போலீஸ் புகுந்தது. வளைகுடா போய்ச் சம்பாதித்து, நல்ல வீடு கட்டி, டி.வி.யும் மின்விசிறியும் வாங்கிவைத்திருந்த தலித் ஊர். உடைத்தது எதை? அந்த டி.வி.யை, அந்த மின்விசிறியை, பிள்ளைகளின் சான்றிதழை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட தலித் வீடுகள் கொளுத்தப்பட்டன. சிமெண்டு வீடுகளும் அதில் உண்டு. உள்ளே புகுந்து பீரோவையும் பத்திரத்தையும் எரித்தார்கள். கூரை தீப்பிடிக்காது என்று தெரிந்ததும் நெருப்பை உள்ளே கொண்டுபோனார்கள். சாதிக்குத் தீப்பிடிக்கிற பொருள் கீற்று அல்ல. நாம் நிமிர்கிறோம் என்பதுதான் அதற்கு எரிபொருள்.

பம்பாயில் அம்பேத்கர் 1930களில் தனக்கென்று ஒரு வீடு கட்டினார். ராஜகிருகம். புத்தகங்களுக்கு இடம் ஒதுக்கியே அந்த வீட்டைத் திட்டமிட்டார். தீண்டாதவன் என்று பரோடாவில் தங்க இடம் கொடுக்காமல் விரட்டப்பட்ட மனிதன், தன் சொந்தத் தரையில் தன் தேவைக்கேற்ப வரைந்துகொண்ட வீடு. 2020 ஜூலையில் அந்த வீட்டையும் புகுந்து சேதப்படுத்தினார்கள். நம் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்வதை இந்தச் சமூகம் எவ்வளவு வெறுக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே நாம் கேட்பது வெறும் கான்கிரீட் கூரை அல்ல. மனை கேட்கிறோம், பெண்கள் பெயரில் பட்டாவோடு. ஊருக்கு வெளியே சுடுகாட்டுப் பக்கமாகத் தள்ளிவிடப்பட்ட காலனியாக அல்ல, ஊரோடு சேர்ந்த இடத்தில். இரண்டு வாசலோடு. குளிக்க மறைவும் கழிப்பறையும் கொல்லையும் கொண்டதாக. பிள்ளை உட்கார்ந்து படிக்க ஓர் இடத்தோடு. வரைபடத்தை ஆபீசில் வரைந்து நம் தலையில் கவிழ்க்காமல், சுவர் வைத்த பெண்களைக் கேட்டு வரையச் சொல்கிறோம். 360 சதுர அடி போதும் என்று முடிவு செய்தவர்கள் ஒரு நாள் அதற்குள் ஆறு பேரோடு படுத்துப் பார்க்கட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். உங்கள் தெருவில் கடைசியாகக் கூரை வேயத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே போய் உட்காருங்கள். கவக்கால், கைமரம், வரிச்சு, எரவாணம் என்று அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிவையுங்கள். குடிசை போகட்டும், அறிவு போகக் கூடாது. கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தக் குடிசை நின்ற தரை யாருடையதாக இருந்தது, யார் எப்போது காலி செய்யச் சொன்னது, எப்போது கொளுத்தப்பட்டது. இதையும் சேர்த்து எழுதினால்தான் குடிசையின் வரைபடம் முழுமையாகும்.

அந்த நாலு மாணவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தம்பிகளே, மறுபடி வாருங்கள். நாடாவோடு வெண்மணிக்கு வாருங்கள், நானும் வருகிறேன். நினைவிடத்தின் முன்னால் எட்டடிக்கு ஒன்பதடி ஒரு கோடு இழுப்போம். அதற்குள் 44 பேர் நின்று பார்ப்போம். எதை அளக்கப்போகிறோம் என்று அந்த ஆயா கேட்டாரே, அதற்குப் பதில் அங்கே கிடைக்கும்.